படித்துறை டயோராமா: கோளாறைப் பார்த்து வேரைப் பிடிக்கும் வழி

தாமிரபரணிப் படித்துறை ஒன்றை 1:35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) டயோராமாவாக, அதாவது உருவங்களோடு கூடிய சின்ன மாதிரிக் காட்சியாக, செய்வதாக வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி குறுக்குத்துறைப் பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு கரை. 30 × 20 செ.மீ. அடிப்பலகை, ஏழெட்டுக் கல்படி, கீழே ஆறு. துணி துவைக்கும் பெண் ஒருத்தி, குத்தவைத்துப் பாத்திரம் விளக்கும் பெண் ஒருத்தி, தலை துவட்டிக்கொண்டு நிற்கும் ஆள் ஒருவர், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பையன். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகள் அத்தனையும் இந்த ஒரே காட்சிக்குள் வரக்கூடியவை. வேறு அளவில் செய்கிறவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்: 165 செ.மீ. ஆள் 1:35இல் 47 மி.மீ., 1:24இல் 69 மி.மீ., 1:72இல் 23 மி.மீ.

கோளாறு கண்ணுக்குப் படும்போது அதன் காரணம் ஒன்றிரண்டு படிக்கு முன்னால் நடந்து முடிந்திருக்கும். பெயின்ட் உரிந்தால் பெயின்ட்டைக் குறை சொல்வதற்கு முன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததா என்று பாருங்கள். உருவம் சாய்ந்தால் பசையை விட்டுவிட்டு எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள்.

நிற்கும் உருவம் ஒட்டிய பிறகும் விழப்போகிறது போலவே தெரிகிறது

உருவத்துக்கு உள்ளே எலும்பு மாதிரி நிற்கும் கம்பிக்கூட்டைச் செய்யும்போதே வந்த பிழை இது. ஓர் ஆள் ஒரு காலில் எடையைப் போட்டு நின்றால் கழுத்துக்குழி அந்தக் காலின் கணுக்காலுக்கு நேர் மேலே வரும். அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் கழுத்துக்குழி இரண்டு பாதங்களுக்கும் நடுவில் விழும். ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டு கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கிற மாதிரி கழுத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் பாதத்துக்கு வெளியே போனால் அந்த உருவம் நிற்காது. ஓடுகிற, தள்ளுகிற, எதிலாவது சாய்ந்திருக்கிற உருவத்துக்கு மட்டும்தான் இதில் விலக்கு.

கம்பி மேல் சதையாகப் புட்டி (பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்சிக் கலவை) வைப்பதற்கு முன் கண்டுபிடித்தால் கணுக்காலில் ஒரு வளைப்புப் போதும். புட்டி இறுகின பிறகு என்றால் இடுப்பில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, 0.7 மி.மீ. கம்பியை உள்ளே செருகி, கோணத்தைத் திருத்தி, இடைவெளியைப் புதுப் புட்டியால் நிரப்ப வேண்டும். பாதத்துக்கு அடியில் புட்டி வைத்து முட்டுக் கொடுத்தால் சாய்வு போகும். ஆனால் ஆள் மேடையேறி நிற்பது போலாகிவிடும்.

தலை துவட்டும் ஆளில் இன்னொரு பிழை அடிக்கடி வரும். கைகள் மேலே போயிருக்கும், தோள் பழைய இடத்திலேயே இருக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள்பட்டையும் காறை எலும்பும் சேர்ந்து ஏறும், விலா விரியும், வயிறு உள்ளே இழுக்கும். கம்பியில் தோள் முனையை 1 மி.மீ. மேலே தூக்கிவிட்டாலே உருவத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஒட்டுவதில் ஒரு வார்த்தை. பாதத்தைப் பசையால் மட்டும் ஒட்டினால் நாளைக்கோ மறுநாளோ பெயர்ந்து வரும். குதிகாலில் கம்பி நுழையும் அளவுக்குத் துளை போட்டு, ஜெம் கிளிப் கம்பித் துண்டைக் காலுக்குள் 5 மி.மீ., பலகைக்குள் 8 மி.மீ. போகும்படி இறக்குங்கள்.

குத்தவைத்த உருவம், நாற்காலியை உருவிவிட்ட மாதிரி இருக்கிறது

கடையில் வரும் 1:35 கிட் (பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பெட்டி) உருவங்கள் பெரும்பாலும் நிற்கும், நடக்கும், வண்டியில் உட்காரும். உள்ளங்கால் முழுக்கத் தரையில் பதிந்து குத்தவைக்கிற உருவம் அதில் அபூர்வம். வண்டியில் உட்கார்ந்த உருவத்தின் காலை மடக்கிச் செய்தால் தொடை தரைக்கு இணையாகவே நின்றுவிடும். நம் ஊர்ப் படித்துறையில் அப்படி யாரும் உட்கார்வதில்லை. இந்த உருவத்தைக் கம்பியிலிருந்தே தொடங்குவது நல்லது.

155 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 1:35இல் அளவு இப்படி வரும்: மொத்த உயரம் 44 மி.மீ., இடுப்பிலிருந்து முழங்கால் 11, முழங்காலிலிருந்து தரை 12.5, மேற்கை 8, முன்கை 6.5, உள்ளங்கையும் விரலும் சேர்த்து 5, தலை 6 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. குத்தவைத்தால் உச்சந்தலை தரையிலிருந்து 24, 25 மி.மீ. உயரத்தில் நிற்கும். இருக்கை குதிகாலை ஏறக்குறையத் தொடும், தரையில் படாது. முழங்கால்கள் அக்குள் உயரத்துக்கு வரும், முதுகு வளையும், தலை முழங்காலை நோக்கி முன்னால் போகும். அப்படிப் போகாவிட்டால் மனிதர் நிஜத்திலேயே பின்னால் மல்லாந்து விடுவார். பொம்மையும் அப்படித்தான் தெரியும். தூக்குக்குண்டு நூலைக் காது மேல் பிடித்தால் அது பாதத்தின் முன்பாதியில் விழ வேண்டும்.

பாத்திரம் விளக்குகிற கை முழங்காலுக்கு வெளியே போகிறதா, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் போகிறதா என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். சேலையை முழங்காலுக்கு இடையில் செருகிக்கொண்டு விளக்கும்போது ஒரு கை வெளியிலும் ஒரு கை நடுவிலும் இருக்கும். வெளிக்கை பாத்திரத்தைப் பிடிக்கும், உள்கை தேய்க்கும். தேய்க்கிற கையின் தோள் இறங்கியிருக்கும். நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுப் பிறகு புட்டியைக் கலக்குங்கள்.

துவைக்கிற பெண்ணுக்கு இதற்கு எதிரான கணக்கு. குனிந்து துணியை அடிக்கும்போது இருக்கை குதிகாலுக்குப் பின்னால் போகும், முழங்கால் லேசாக மடங்கும். இடுப்பை மட்டும் வளைத்து காலை நேராக விட்டால் மூக்கு குப்புற விழும்.

புட்டி கம்பியில் பிடிக்காமல் உருளுகிறது, அல்லது காய்ந்தபின் கீறல் விடுகிறது

மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்குக் கிடைக்கும் 22 கேஜ் செம்புக் கம்பி (0.7 மி.மீ.) 1:35க்குச் சரியான கனம். ஆனால் அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும், வழுக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மெல்லிய கம்பியை மேலே நெருக்கமாகச் சுற்றுங்கள். முதல் சுற்றுப் புட்டி தாள் கனத்துக்கு மட்டும். அது இறுகின பிறகு சதை வையுங்கள். ஒரே மூச்சில் முழு உடம்பையும் வைத்தால் முதுகைச் சரிசெய்யும்போது மார்பு நசுங்கும்.

களிமண்ணைக் கம்பி மேல் பூசினால் வெடிக்கத்தான் செய்யும். காருகுறிச்சி மண் பானைக்கு அருமையான மண். ஆனால் எந்த இயற்கைக் களிமண்ணும் ஈரம் போகும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. அந்த மண்ணைப் படிக்கட்டு ஓரத்தில் வைக்கும் குடத்துக்கும் சட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உருவத்துக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி புட்டிதான்.

புட்டி இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுவென்று இருந்தால் இரண்டு பாகமும் சமமாகக் கலக்கவில்லை. நிறத்தில் வரி தெரியாத வரை பிசைய வேண்டும், குறைந்தது 3 நிமிடம். வெந்நீரில் போட்டோ வெயிலில் வைத்தோ தேற்ற முடியாது, சுரண்டி எடுத்துவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, சித்திரை வைகாசி வெக்கையில் கலந்த புட்டி கைக்குள்ளேயே இறுகும். ஒரு தடவைக்குக் கொண்டைக்கடலை அளவு மட்டும் கலந்து, மீதியைக் கட்டியாகவே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கையில் ஒட்டாமலிருக்க விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளலாம். எண்ணெய் வேண்டாம், பின்னால் பெயின்ட் பிடிக்காது.

சேலை அட்டை மாதிரி விறைக்கிறது

துணியின் நிஜக் கனத்தை 35ஆல் வகுத்தால் கையால் செய்ய முடியாத மெலிவு வரும். ஆகவே ஓரத்தை மட்டும் மெலியவிட்டால் கண் முழுத் துணியையும் மெலிசாக எடுத்துக்கொள்ளும். புட்டியை இரண்டு பாலிதீன் கவருக்கு நடுவில் முகப்பவுடர் தூவித் தேய்த்து விரியுங்கள். உடனே போர்த்தினால் ஒட்டிக் கிழியும். அரைமணி நேரம் ஆறவிட்டு, தோல் மாதிரி வளையும் பதம் வந்ததும் வெட்டிப் போர்த்துங்கள். ஓரத்தை ஈரத் தூரிகையின் அடிக்கட்டையால் நீவி மெலியவிடுங்கள்.

மடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். துணி எங்கே மாட்டிக்கொண்டு இழுபடுகிறதோ அங்கிருந்துதான் மடிப்பு பிரியும்: தோள், இடுப்புச் செருகல், முழங்கால். இந்த மூன்று இடத்திலிருந்தும் விசிறி மாதிரி கோடு பிரியட்டும். நடுத்தொடையில் காரணமில்லாமல் வரும் மடிப்பு துணியைக் காகிதமாக்கிவிடும். நனைந்த சேலைக்கு மடிப்பே குறைவு, உடம்போடு ஒட்டியிருக்கும். நனைந்த எல்லைக்குக் கீழே நிறத்தை இரண்டு படி இருட்டாக்கி லேசாகப் பளபளப்பு கொடுங்கள். நனைந்த எல்லை நேர்க்கோடாக இருக்கக் கூடாது, துணி உறிஞ்சுகிற மாதிரி ஏறி இறங்க வேண்டும்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம்

உடனே ஒட்டும் பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெண்பொடியாகப் படிவதுதான் இது. ஐப்பசி கார்த்திகை மழையில் அதிகம் வரும். பசை அதிகமாகப் போனாலும், மூடின டப்பாவுக்குள் காயவிட்டாலும் வரும். பல்குச்சி முனையில் எடுத்துத் தொடுங்கள், பக்கத்தில் மெல்லிய காற்றோட்டம் இருக்கட்டும். பெயின்ட் முடிந்த உருவம் என்றால் எபாக்சிப் பசைக்கு மாறுங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை. படிந்துவிட்டதை மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஒரு கோட் பெரும்பாலும் மறைத்துவிடும்.

கண் முழிக்கிறது, தோல் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது

1:35 உருவத்தை 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்ப்பது, நிஜ ஆளைப் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். படித்துறையின் மேல்படியில் நின்று தண்ணீருக்குள் நிற்கிற ஆளைப் பாருங்கள். கண்ணின் வெள்ளை தெரியாது, புருவ நிழலும் இமைக்கோடும்தான் தெரியும். மனிதக் கண்ணின் அகலம் ஏறக்குறைய 3 செ.மீ. 1:35இல் அது 0.86 மி.மீ., கருவிழி 0.34 மி.மீ. இந்த இடத்தில் சுத்த வெள்ளை வைத்தால் உருவம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். வெள்ளைக்குப் பதில் தோல் நிறத்தில் துளி வெளிறிய சாம்பல் கலந்து வையுங்கள். மேலிமையை அடர்பழுப்பில் ஒரே கோடாகப் போடுங்கள், கருவிழியின் உச்சி அந்தக் கோட்டில் மறையட்டும். குனிந்து வேலை செய்கிற இருவருக்கும் இமைக்கோடு மட்டும் போதும்.

தோல் சாம்பலாவதற்குக் காரணம், வெளிச்சம் விழும் இடத்துக்கு நேராக வெள்ளையைக் கலப்பது. நம் தோல் நிறத்துக்கு அடிப்படை பர்ன்ட் அம்பரும் (அடர்பழுப்பு) யெல்லோ ஆக்கரும் (மண்மஞ்சள்). வெளிச்சத்துக்கு ஆக்கரும் துளி ஆரஞ்சும் கூட்டுங்கள். நிழலுக்கு அம்பரில் கொஞ்சம் நீலம், கறுப்பு வேண்டாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியவை. இந்த இரண்டு புள்ளியை மாற்றிப் பூசினாலே ஊர் ஆள் என்று தெரிந்துவிடும். ஈரத் தோளுக்கும் முதுகுக்கும் சாட்டின் (லேசாக மினுங்கும்) வார்னிஷ். முழுப் பளபளப்பு போட்டால் பீங்கான் பொம்மையாகும்.

பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) சொரசொரவென்று உப்புத்தாளாகிறது. பெயின்ட் பட்டையாக உரிகிறது

சொரசொரப்பு வந்தால், ஸ்ப்ரேயின் துளி உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனி ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் நின்று அடித்தால் இதோடு தூசியும் சேர்ந்து ஒட்டும். காலை 7 முதல் 9க்குள், காற்று வீசாத ஆனால் ஜன்னல் திறந்த இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு 20 செ.மீ. தூரத்தில் அடியுங்கள். உரிவதற்குக் காரணம் கைப்பிசுக்கு, முகப்பவுடர், அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் வார்ப்பு எண்ணெய். பாத்திரம் துலக்கும் சோப்பில் பழைய பல்துலக்கியால் கழுவி, ஒரு ராத்திரி காயவிட்டுப் பிரைமர் போடுங்கள். வார்னிஷ் வெள்ளையாகப் பனித்துப்போனால் அது மழைநாளில் அடித்தது. காய்ந்த நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளியும், அதற்கு மேல் மேட் போடலாம்.

தெர்மாகோலில் குழி விழுந்து சுருங்கினால் ஸ்ப்ரேயிலோ ரப்பர் பசையிலோ இருக்கும் கரைப்பான் தின்றுவிட்டது. முதலில் ஃபெவிகால் இரண்டு கோட், பிறகுதான் மற்றது.

அடிப்பலகை வாழை இலை மாதிரி வளைகிறது

மேல் பக்கம் மட்டும் ஈரப்பசையும் பிளாஸ்டரும் ஏறினால், காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். 12 மி.மீ. பிளைவுட் எடுத்து, ஆறு பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஓரத்தில் தண்ணீர் குடித்து உப்பும், அதன் ஓரத்துக்கு மூன்று கோட் வேண்டும். லேசாக வளைந்துவிட்டால் அடியில் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, கனத்தை வைத்து இரண்டு நாள் காயவிடலாம். ஆற்றுத் தண்ணீருக்காக ரெசின் (கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றிய பிறகு இதைச் செய்தால் அந்தத் தண்ணீர் வெடிக்கும்.

கல்படி வெடிக்கிறது, கல் மாதிரியும் இல்லை

100 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு 60 முதல் 70 மி.லி. தண்ணீர். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவி ஊறவிட்டுப் பிறகு கலக்குங்கள்; பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். இறுகும்போது மறுபடி தண்ணீர் விட்டு இளக்கினால் அந்தப் படி சுண்ணாம்பாக உதிரும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த பொட்டலம் ஈரம் வாங்கியிருக்கும், அதை நம்ப வேண்டாம். படி ஒன்றுக்கு நிஜத்தில் 18 செ.மீ. உயரம் என்றால் 1:35இல் 5 மி.மீ. எல்லாப் படியும் ஒரே அளவாக இருந்தால் புது அடுக்குமாடி வீட்டுப் படியாகிவிடும். ஆற்றுப்படியில் நடுப்பகுதி கால்பட்டுத் தேய்ந்திருக்கும், ஓரக் கல் ஒன்றிரண்டு சாய்ந்திருக்கும்.

கருங்கல்லுக்குக் கறுப்பு பூச வேண்டாம், ஓட்டை மாதிரி தெரியும். நடுத்தரச் சாம்பலில் துளி பழுப்பு கலந்து, மேல்விளிம்பை வெளிறிய சாம்பலில் டிரை பிரஷ் (பெயின்ட்டைத் துடைத்த காய்ந்த தூரிகையால் லேசாகத் தடவுவது) செய்யுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி 10 மி.மீ. அகலத்துக்குப் பாசியின் இருட்டுப் பச்சை. அதற்கு மேல் வெள்ளம் ஏறி வற்றின மண்வரி ஒன்று. இந்த வரி இல்லாத படித்துறை தாமிரபரணியில் இருக்காது.

மண் உதிர்கிறது, உப்பு பூக்கிறது, பூஞ்சை வருகிறது

பசைத் தண்ணீர் (தண்ணீரில் கரைத்த ஃபெவிகால்) மண்ணின் மேல் உருண்டு ஓடினால் அதில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு சேருங்கள். அடியில் பசைக்குத் தண்ணீர் சமபாகம், தூவின பிறகு மேலே சொட்டுவதில் பசை ஒன்றுக்குத் தண்ணீர் நாலு. மண்ணை முதலில் வெறும் தண்ணீர் ஸ்ப்ரேயால் நனைத்துவிட்டுப் பிறகு சொட்டினால் உள்ளே இறங்கும்.

கடற்கரை மணலில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் சில வாரத்தில் வெள்ளை பூக்கும். தேரிச் செம்மணல் நல்ல மெல்லிய மணல், ஆனால் ஆற்றங்கரைக்கு அந்தச் சிவப்பு பொருந்தாது. தேரிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மண்ணையும் டீ வடிகட்டியில் சலித்து, இரும்புச் சட்டியில் ஆவி நிற்கும் வரை வறுத்துவிட்டுப் போடுங்கள், பூச்சி முட்டையும் பூஞ்சையும் போகும். பூஞ்சைக்குப் பயந்து ஃபெவிகாலில் வெங்காரம் கலக்காதீர்கள், பசை ஜெல்லியாகத் திரிந்துவிடும்.

நாணலுக்குப் பத்தமடைப் பாய்க்கு நெய்கிற கோரை மாதிரி மெல்லிசாகக் கீறின கோரை நன்றாக அமையும். மருத மரம் முழுதாக வைக்க வேண்டாம். 20 மீட்டர் மரம் 1:35இல் 57 செ.மீ., குட்டை மரம் வைத்தால் காட்சி முழுக்கப் பொம்மையாகும். வழுவழுப்பான வெளிறிய அடிமரமும் ஒரு தாழ்ந்த கிளையும் போதும்.

தண்ணீர் ஏமாற்றுகிறது

எபாக்சி ரெசினில் ஐந்து விதமாக வரும்.

*குமிழி.* அடியில் பிளாஸ்டரும் மண்ணும் காற்றைக் கக்குகின்றன. ஊற்றுவதற்கு முன் வார்னிஷ் இரண்டு கோட், அதற்கு மேல் 1 மி.மீ. ரெசின் பூச்சு. அது பிசுபிசுப்பாக இறுகின பிறகு அடுத்தது. இந்த முதல் பூச்சு கசிவையும் பிடித்துவிடும். ஓரத்துக்கு ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வைத்து வெளிப்பக்கம் சிலிக்கான் அடைத்திருந்தாலும் மயிரிழை இடைவெளி போதும், ராத்திரிக்குள் ஆறு மேஜைக்கு வந்துவிடும்.

*இறுகாத இடங்கள்.* விகிதம் தப்பியிருக்கிறது, அல்லது கோப்பையின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருந்தது மேலே விழுந்துவிட்டது. பாட்டிலில் இருக்கும் விகிதம் எடையா, அளவா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. 4 நிமிடம் கலக்கி, வேறு கோப்பைக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கோப்பையின் ஓரத்தைச் சுரண்டி ஊற்றாதீர்கள். நிறத்துக்கு 100 மி.லி.க்கு ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

*பால் மாதிரி வெளிறல், எண்ணெய்ப் படலம்.* ஈரம்தான் காரணம். மேலே வழவழப்பான படலம் என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, மெல்லிய உப்புத்தாள் போட்டு மறு பூச்சு ஊற்றலாம். உள்ளே வெளிறியிருந்தால் அடியில் பிளாஸ்டர் காயவில்லை, அதைத் தேற்ற முடியாது. மழைக்காலத்தில் கட்டின படியை ஒரு வாரமாவது விட்டுவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

*சூடேறிப் புகைதல், அடியில் தெர்மாகோல் உருகுதல்.* ஒரே தடவையில் கனமாக ஊற்றியது. 3 முதல் 5 மி.மீ. அடுக்காக ஊற்றுங்கள். நம் ஊர்க் கோடையில் 3தான் பத்திரம்.

*பையனின் இடுப்பைச் சுற்றி தண்ணீர் ஏறி நிற்கிறது.* ரெசின் இழுபட்டு ஓரத்தில் ஏறும். இறுகின பிறகு ஏறின பகுதியை மேட் வார்னிஷால் மங்கவிட்டு, கனமான அக்ரிலிக் ஜெல்லால் சுற்றிலும் இரண்டு மெல்லிய வட்ட அலை வையுங்கள். நகர்கிற ஆளைச் சுற்றி தண்ணீர் சும்மா இருக்காது, பார்க்கிறவர் கண் அதை அலையென்றே ஏற்றுக்கொள்ளும். பையனின் காலைத் தண்ணீருக்கு அடியில் நிறம் மங்கலாகப் பூசியிருக்க வேண்டும், அதை ஊற்றின பிறகு செய்ய முடியாது.

நிறம் பருவத்தைப் பொறுத்தது. மழை வெள்ளத்தில் செம்பழுப்பு, ஆழம் தெரியாது. தை மாசித் தெளிந்த தண்ணீரில் ஓரத்தில் மணல் தெரியும், உள்ளே போகப் போக ஆலிவ் பச்சை. அந்த ஆழத்தை அடிப்பலகையில் பெயின்ட்டிலேயே ஏற்றிவிட்டு, ரெசினைத் தெளிவாக ஊற்றுவது நல்லது.

எல்லாம் சரி, ஆனால் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் சேரவில்லை

ஒவ்வொரு உருவத்தின் மூக்கிலிருந்தும் ஒரு நூலை நேராக இழுத்துப் பாருங்கள். அது ஒரு முகத்திலோ, ஒரு கையிலோ, செய்கிற வேலையிலோ போய் விழ வேண்டும். வெற்றிடத்தில் முடிகிற நூல் இருந்தால் அந்த ஆளின் தலையைத் திருப்புங்கள். அதற்காகவே கழுத்தை ஒட்டாமல், 0.5 மி.மீ. கம்பி முளையில் சுழலும்படி கடைசி நாள் வரை விட்டுவையுங்கள். விளக்குகிற பெண் தலையை 15 டிகிரி துவைக்கிற பெண் பக்கம் திருப்பினால் இருவருக்கும் நடுவில் பேச்சு தொடங்கிவிடும். நாலு பேரையும் பசையில்லாமல் முளையில் நிறுத்தி, ஒரு ராத்திரி அப்படியே வைத்து, காலை வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஒட்டுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் பையனை மட்டும் முதலில் ஒட்டியாக வேண்டும், ரெசின் அவனுக்குப் பிறகுதான்.